குளிர்காலக் கோழிக்கூடு: ஒரு வெப்பப் பாடம்

நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலம். உதகை, தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பகுதிகளில் சில இரவுகளில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை நெருங்கும்; விடிந்ததும் புல்வெளி உறைபனியால் வெள்ளையாகத் தெரியும். நான் பணியாற்றும் நடுநிலைப் பள்ளியின் மாணவர்கள் பலர் வீட்டில் நான்கைந்து நாட்டுக்கோழிகள் உண்டு. முட்டை விற்ற காசு மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கிறது. எனவே, எட்டாம் வகுப்பு அறிவியலின் வெப்பம் பாடத்தைக் கோழிக்கூட்டிலிருந்தே தொடங்கினேன்.

"குளிருக்குக் கூட்டை எப்படித் தயார் செய்கிறீர்கள்?" என்று கேட்டு, மாணவர்கள் சொன்னவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். தார்ப்பாய் கட்டுதல், இடுக்குகளில் சாக்கு அடைத்தல், இரவில் கரிச்சட்டி வைத்தல் என்று பட்டியல் நீண்டது. ஒரு மாணவி மட்டும், "காத்தே புகாம அடைச்சோம் டீச்சர். ஆனாலும் கோழி தும்மிக்கிட்டே இருக்கு. காலையில கூட்டுக்குள்ள எல்லாம் ஈரமா இருக்கு. ரெண்டு செத்தும் போச்சு" என்றாள். ஈரம் எங்கிருந்து வந்தது? வகுப்பின் ஆய்வுக் கேள்வி இதுவே ஆயிற்று.

செயல்பாடு 1: ஈரமும் குளிரும்

ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் ஒரே சூடுள்ள வெந்நீரை நானே ஊற்றினேன். ஒன்றின்மேல் உலர்ந்த துணியையும் மற்றொன்றின்மேல் ஈரத்துணியையும் சுற்றினோம். ஆய்வக வெப்பநிலைமானியால் 5 நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரைந்தார்கள். ஈரத்துணி சுற்றிய பாட்டில் விரைவாகக் குளிர்ந்தது.

கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். குளிரும்போது அது சிறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளும். சிறகுகளுக்கிடையே தேங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நாம் அணியும் ஸ்வெட்டரும் இப்படித்தான் காக்கிறது. சிறகு நனைந்தால் அந்தக் காப்பு போய்விடும். வளர்ந்த கோழி உலர்ந்த குளிரைத் தாங்கும். ஈரத்தோடு சேர்ந்த குளிரைத் தாங்குவது கடினம்.

செயல்பாடு 2: அடைத்த பெட்டியும் துளையிட்ட பெட்டியும்

இரண்டு அட்டைப்பெட்டிகளுக்குள் வெந்நீர் டம்ளர் வைத்து, மேலே கண்ணாடித் தகட்டால் மூடினோம். ஒன்றின் இடுக்குகளை முழுவதும் ஒட்டினோம். மற்றதன் எதிரெதிர்ப் பக்கங்களில், மேல் விளிம்பை ஒட்டித் துளைகள் இட்டோம். அடைத்த பெட்டியின் கண்ணாடியில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. துளையிட்ட பெட்டியில் மிகக் குறைவு.

மாணவியின் கேள்விக்கு வகுப்பே விடை சொன்னது. கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த தகரக் கூரையில் நீராகப் படிந்து சொட்டுகிறது. ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்துகிறது. இறப்புக்கு நோயும் காரணமாக இருக்கலாம் என்பதால், தும்மும் கோழிகளைக் கால்நடை மருந்தகத்தில் காட்டவும், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்கவும் சொல்லி அனுப்பினேன்.

கூட்டில் செய்த மாற்றங்கள்

கற்றதைக் கொண்டு மாணவர்களே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தார்கள்.

1. கோழி அமரும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது. காற்று வரும் பக்கம் மட்டும் தார்ப்பாய். கூரையை ஒட்டி, எதிரெதிரே திறப்பு வேண்டும். அதற்குக் கம்பிவலை அடித்தால் மரநாய் நுழையாது.
2. கூளம் பரப்பும் முன், பெரியவர் துணையோடு ஊதுபத்தி ஏற்றிப் பார்க்கலாம். கோழி அமரும் இடத்தில் புகை அலைபாயாமல் எழ வேண்டும். மேல் திறப்பு வழியே வெளியேற வேண்டும்.
3. தரையில் உலர்ந்த மரச்சீவல் அல்லது உமியை நான்கு முதல் ஆறு அங்குலம் பரப்பி, கிளறிவிட்டு, நனைந்ததை அகற்ற வேண்டும். இதுவே ஆழ்கூள முறை.
4. அமரும் கட்டை ஏறக்குறைய இரண்டு அங்குல அகலத்தில் தட்டையாக இருந்தால், கோழி தன் வயிற்றுச் சிறகால் விரல்களை மூடிக்கொள்ளும்.
5. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. இரவில் பள்ளத்தில் தேங்கும். எனவே, கூடு பள்ளத்தில் இருக்கக் கூடாது.
6. அடையும் நேரத்துக்கு முன் மக்காச்சோளம் போன்ற தானியம் கொடுக்கலாம். செரிமானத்தின்போது உடலில் வெப்பம் உண்டாகும்.

குஞ்சுகளுக்கு இவை போதா. முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் தேவை. பிறகு வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

அந்த மாணவியின் வீட்டில் மேல்பக்கத் தார்ப்பாயை ஒரு சாண் இறக்கிக் கட்டினார்கள். "இப்ப கூரை சொட்டல டீச்சர்" என்று அடுத்த வாரம் குறிப்பேட்டில் பதிவு செய்தாள்.

கரிச்சட்டி வேண்டாம்

பட்டியலில் இருந்த கரிச்சட்டியைப் பற்றித் தனியாக ஒரு பாடவேளை பேசினோம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு சேர்ந்து, ஆக்சிஜன் செல்வதைத் தடுக்கிறது. கோழிக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் ஆபத்து. மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர்கள் இறந்த செய்திகளைக் குளிர்காலத்தில் படிக்கிறோம். இந்தப் பாடத்தில் வீடு வரை சென்று சேர வேண்டிய செய்தி இதுதான். ஒவ்வொரு மாணவரும் இதை வீட்டில் சொல்லி, பெரியவர்கள் கூறிய பதிலை எழுதி வந்தார்கள்.

பிற வகுப்புகளில்

டிசம்பரில் இங்கே பகல் பொழுது சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். பகல் குறையும்போது கோழி முட்டையிடுவதும் குறையும். ஏழாம் வகுப்பு மாணவர்கள் நாள்தோறும் முட்டைகளை எண்ணி அட்டவணையிட்டால், கணக்குப் பாடத்துக்குச் சொந்தத் தரவு கிடைக்கும். தொடக்க வகுப்புக் குழந்தைகள் காலையில் கூளத்தைத் தொட்டு "ஈரம், உலர்வு" என்று குறித்து, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். சமவெளிப் பள்ளிகளில் இதே பெட்டிச் சோதனையை மழைக்கால ஆட்டுக்கொட்டிலுக்குச் செய்யலாம். கொட்டிலைப் பார்க்கும்போது, விலங்கின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நின்றபடி தெரியாத காரமணம் அங்கே தெரியும்.