மூட்டு வலிக்கு நர்ஸ் பிராக்டிஷனரிடம் போகலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கிறோம். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 68 வயது, பல வருடமாகச் சர்க்கரை. வலது முழங்கால் வலியால் மாடிப்படி ஏறவே முடியவில்லை. எலும்பு மூட்டு கிளினிக்கில் சர்ஜனைப் பார்க்க இரண்டு மாதம் ஆகுமாம். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் அடுத்த வாரமே நேரம் இருக்கிறதாம். "நர்ஸிடம் காட்டவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்கிறார் அம்மா. போகலாமா? நல்ல ஒருவரை எப்படித் தேடுவது?
– ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்: தாராளமாகப் போங்கள். இரண்டு மாதம் அம்மா வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சர்ஜனிடம் வாங்கிய நேரத்தையும் ரத்து செய்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது இந்தப் பணி. நர்ஸாகத் தகுதி பெற்று, அதற்கு மேல் முதுகலையோ முனைவர் நிலைப் படிப்போ முடித்து, தேசிய அளவிலான தேர்வு எழுதி, மாநில உரிமமும் பெற்றவர்தான் நர்ஸ் பிராக்டிஷனர். மூட்டு கிளினிக்கில் அவர் உடலைப் பரிசோதிப்பார், எக்ஸ்ரே, ஸ்கேன் எழுதுவார், மருந்து தருவார், பிசியோதெரபிக்கு அனுப்புவார். பயிற்சி பெற்றவர் மூட்டுக்குள் ஊசியும் போடுவார். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையை மட்டும் சர்ஜன்தான் செய்வார். டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுதுவதற்கு ஒரு மருத்துவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லலாம்.

தேடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, உரிமம். நர்சிஸ் என்ற இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது, எலும்பு மூட்டுத் துறை அனுபவம். பெயருக்குப் பின்னால் ஓ.என்.பி.-சி. என்று இருந்தால், இந்தத் துறைக்கென்றே உள்ள சான்றிதழ்த் தேர்வில் தேறியவர். அது இல்லாத திறமைசாலிகளும் நிறைய இருக்கிறார்கள் என்பதால், "இந்தத் துறையில் எத்தனை வருடமாக இருக்கிறார்? முழங்கால் நோயாளிகளை வழக்கமாகப் பார்ப்பவரா?" என்று வரவேற்பில் தயங்காமல் கேளுங்கள். மூன்றாவது, அவர் எந்த சர்ஜனோடு வேலை செய்கிறார் என்பது. நீங்கள் நேரம் வாங்கியிருக்கும் அதே சர்ஜனின் குழு என்றால் மிக நல்லது. உங்கள் இன்சூரன்ஸை அந்த கிளினிக் ஏற்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

போகிற அன்று, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நாள்கணக்கில் விழுங்குவது, சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. முழங்கால் எக்ஸ்ரேவை நின்ற நிலையில் எடுப்பார்களா என்றும் கேளுங்கள். உடல் எடை மூட்டில் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பது சரியாகத் தெரியும். படுத்து எடுத்தால் தேய்மானம் குறைவாகத் தெரியக்கூடும்.

இனி அந்த ஊசி. கார்ட்டிசோன் ஊசி போட்டால் சில வாரமாவது வலி தணியலாம். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். வீட்டில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு, ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அதே முழங்காலில் மாற்று அறுவை செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடும் என்பதால் சர்ஜன்கள் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். அதனால்தான் சர்ஜனின் நேரத்தை விட வேண்டாம் என்றேன். "அம்மாவுக்கு அறுவை தேவைப்படுமா? அப்படியென்றால் இப்போது ஊசி போடலாமா?" என்று ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர், சந்தேகம் இருந்தால் சர்ஜனைக் கேட்டுச் சொல்கிறவர், நம்பத் தகுந்தவர்.

இன்னொன்று: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள். அரசு நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் கட்டணமில்லாமல் அந்த வசதியைத் தர வேண்டும்; பெரும்பாலும் தொலைபேசியிலோ வீடியோவிலோ இணைப்பார்கள். பேரப்பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். சொல்லக் கூச்சப்படும் விஷயங்களை அம்மா விழுங்கிவிடுவார்.

முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் எந்த நேரத்துக்கும் காத்திருக்காதீர்கள். அன்றே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்திருக்கிறது. இங்கேயும் நர்ஸ் பிராக்டிஷனர் கிடைப்பார்களா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இந்தியாவில் தீவிர சிகிச்சை, பேறுகாலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் இந்தப் படிப்பை வகுத்திருக்கிறது. அமெரிக்காவைப் போல் மூட்டு கிளினிக்கில் தனியாக நோயாளி பார்க்கும் முறை இங்கே பரவவில்லை. உங்களுக்கு இப்போது தேவை, வீட்டுக்கு வரும் நல்ல நர்ஸும் பிசியோதெரபிஸ்டும். ஏஜென்சி அனுப்புகிறவர் படித்த நர்ஸா, உதவியாளரா என்று கேளுங்கள். நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமப் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காயத்தைச் சுத்தம் செய்வது, ஊசி போடுவது போன்றவற்றைப் பதிவு பெற்ற நர்ஸ்தான் செய்ய வேண்டும். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பயந்து அப்பாவைப் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவுக்கு எழுந்து நடமாட வைப்பதுதான் இந்த நேரத்தில் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.