படகில் ஒருவர் சுணங்கினால்

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வழக்கமாக மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை, அதாவது பாட்டை, விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்கு உரியதை எடுத்ததுபோக மிச்சம்தான் பங்காகப் பிரியும். ஒருவர் சுணங்கினால் பக்கத்தில் நிற்பவரின் பங்கும் குறைகிறது. கரை திரும்பும்வரை அவரோடுதான் சாப்பிட வேண்டும், அவரோடுதான் தூங்க வேண்டும். சரியாக வேலை செய்யாத சக ஊழியரை என்ன செய்வது என்று தவிப்பவர்களுக்கு இங்குள்ள அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவக் கிராமங்களின் படகுக்காரர்களின் அனுபவத்தில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

வலை ஏறி மடியை அவிழ்த்ததும் மேல்தட்டு முழுக்க மீன் கொட்டுகிறது. இறால், கணவாய், நண்டு என்று தனித்தனியே பிரித்து, கழுவி, கீழே ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு என்று வைக்க வேண்டும். பாதித் தூக்கத்தில் ஒருவர் ஐஸைக் குறைத்துப் போட்டுவிட்டால் அப்போது தெரியாது. கரையில் ஏலம் போடும்போதுதான் கண் மங்கி, வயிறு இளகிய மீன் மேலே வரும். விலை விழும். யார் அடுக்கியது என்று அந்த நேரத்தில் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் மிச்சம். அதனால், விவரமான டிரைவர் கிளம்பும்போதே ஐஸ் யார், இன்ஜின் யார், வலை யார் என்று ஆளுக்கொரு பொறுப்பு சொல்லிவிடுவார். பொறுப்பைப் பிரிக்காமல் ஒருவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பொறுப்பு பிரியாத இடத்தில் கை தளர்வது படகில் மட்டும் நடப்பதல்ல. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913-இல் முடிவை வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டும் பலத்தை நூறு என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு ஏறத்தாழ 49தான் தேறியது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் இதற்கு ஒரு காரணம். 1979-இல் அமெரிக்காவில் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்தவர்கள் இன்னொன்றையும் உறுதி செய்தார்கள்: கூட்டத்தில் தன் பங்கு தனியாகத் தெரியாதபோது மனிதர் தம்மை அறியாமலே கையைத் தளர்த்துகிறார். இந்தக் கரையில் கரைவலை இழுத்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

பொறுப்பைப் பிரித்த பிறகும் ஒருவர் பின்தங்கினால், அவருக்கு வேலை தெரியவில்லையா, உடம்போ மனசோ முடியவில்லையா, செய்ய விருப்பமில்லையா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் நாம் நேராக மூன்றாவதுக்குத்தான் போகிறோம். புதுப் பையனுக்குத் தொடக்கத்தில் அரைப்பங்கு கொடுக்கும் வழக்கம் படகில் உண்டு. கற்றுக்கொள்ளும் காலம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. அலுவலகத்தில் புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே முழு வேலையை எதிர்பார்த்துவிட்டு, பிறகு முணுமுணுக்கிறோம். இரண்டாவது காரணத்தை நாகப்பட்டினத்துக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கடலைப் பார்க்கவே அஞ்சியவரைச் சோம்பேறி என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். எல்லோர் முன்பும் கேட்டால் பதில் வராது, ரோஷம்தான் வரும். படகில் இருப்பவர்களில் பாதிப்பேர் மாமன் மச்சானாக இருக்கும்போது அது வீடுவரை போகும். வேலை ஓய்ந்து அணியத்தில் தனியாக இருக்கும்போது, "தம்பி, ரெண்டு நாளா நீ அடுக்குன பக்கம் மீன் இளகிக் கெடக்கு. ஐஸ் பத்தலயா, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டால் போதும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பரிதாபப்பட்டு அவர் வேலையையும் சேர்த்துச் செய்வது அடுத்த தவறு. அதன் விளைவைக் கடலைவிட்டுக் கரைக்கு வந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் பார்க்கலாம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, தூற்றுவது, 40 கிலோ மூட்டையாக எடை போடுவது, பட்டியல் எழுதுவது எல்லாம் சங்கிலியாக நடக்கும் வேலை. ஒரு கண்ணி தளர்ந்தால் வெளியே விவசாயியின் நெல் குவியலாகக் காத்துக்கிடக்கும். அதற்குள் மழை வந்தால் அவருடைய ஆறு மாத உழைப்பும் நனையும். எடை குறைந்தால் பணியாளர்களிடமே பிடித்தம் செய்வதும் உண்டு. சக ஊழியருக்காக ஒருநாள் கைகொடுப்பது மனிதத்தன்மை. தினமும் மூடி மறைத்தால் நஷ்டம் கேள்வி கேட்க முடியாத ஒருவர் தலையில் விழுகிறது. தேதி போட்டுக் குறித்து வைத்து, அவரிடம் சொல்லிவிட்டே மேலதிகாரியிடம் சொல்வதுதான் நேர்மை.

சொல்லியும் மாறாதவரைப் பங்கைக் குறைத்து வழிக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. ஐஸ் அறையில் தூங்கி வழிபவர் வலை பொத்துவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். அதுவும் சரிப்படவில்லை என்றால் பிரிவதற்கும் காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்ப்பதும் முன்பணம் பேசுவதும் அந்த இடைவெளியில் நடப்பவை. வேண்டாம் என்று முடிவு செய்தவரிடம் தடை தொடங்கும்போதே கணக்கை முடித்துச் சொல்லிவிட்டால், வேறு படகு தேட அவருக்கு இரண்டு மாதம் கிடைக்கும். ஜூன் 14 ராத்திரி, ஐஸ் ஏற்றிய பிறகு சொன்னால் அந்தப் பருவமே அவருக்குப் போய்விடும்.