எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொள்

அண்ணனூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள யாழினி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஜார்ஜியாவின் திபிலிசியில் நீ படிக்கும் மருத்துவத்தில், நான்காம் ஆண்டு கிளினிக்கலில் பாதியைச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொள்ளலாம், மீதியில் சில மாதம் வேறொரு நாட்டுக்கும் போய்வரலாம், சான்றிதழ் தன் பொறுப்பு என்று ஏஜென்ட் சொல்கிறார் என்றாய். வீட்டுச் சாப்பாடு, கூடவே ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று சந்தோஷப்பட்டாய். வேண்டாம் கண்ணு.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் 2021 நவம்பர் 18 அன்று வந்தன. குறைந்தது 54 மாதப் படிப்பு, பிறகு 12 மாத இன்டர்ன்ஷிப், இரண்டும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் நடக்க வேண்டும். பயிற்சியின் எந்தப் பகுதியையும் இந்தியாவிலோ மூன்றாவது நாட்டிலோ செய்யக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். உக்ரைன் போர் துரத்தியடித்த பிள்ளைகளை நினைத்துப் பார். கடைசி ஆண்டை ஆன்லைனில் முடித்தவர்களை இங்கே ஒன்றுக்கு இரண்டு ஆண்டு ஹவுஸ் சர்ஜனாக இருக்கச் சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ தெரிந்தே போய் ஏன் அந்த இடத்தில் நிற்க வேண்டும்? உன் அப்பா பி.எஃப். பணத்தை எடுத்து உன்னை அனுப்பியிருக்கிறார்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்த அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலேறி நர்ஸாக வார்டுக்குப் போனவள் நான். எத்தனையோ ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் படித்து, இங்கே தேர்வும் பாஸ் செய்து வந்த ஒரு பையன் எங்கள் வார்டுக்கு வந்தான். கெட்டிக்காரன். புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்வான். ஒரு நாள் இரவு டூட்டியில் ஒரு பாட்டி வந்து “நெஞ்சைக் கரிக்குதுப்பா” என்றாள். அவன் கேஸ் ஷீட்டில் அசிடிட்டி என்று எழுதி, ஊசியும் எழுதினான். நான் பாட்டியின் நெற்றியைப் பார்த்தேன், வியர்த்துக் கொட்டியிருந்தது. “டாக்டர், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாமா?” என்றேன். எடுத்தால், ஹார்ட் அட்டாக்.

விடிந்ததும் அவனே என்னிடம் வந்தான். “சிஸ்டர், ஆறு வருஷத்துல ஒரு பேஷன்ட்கிட்டகூட நானா உட்கார்ந்து ஹிஸ்டரி எடுத்ததில்ல. அவங்க பாஷை எனக்குத் தெரியாது. சார் கேட்டு இங்கிலீஷ்ல சொல்வார், நாங்க எழுதிக்குவோம்” என்றான். தமிழ் அவன் தாய்மொழிதான். வலிக்கிறவர் முன்னால் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அவனுக்கு எந்த மொழியிலும் வந்திருக்கவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஜார்ஜிய மொழியைப் படி. முப்பத்து மூன்றே எழுத்து. நம் இருநூற்று நாற்பத்தேழைப் படித்தவளுக்கு அது ஒரு பாரமா? “ஸாத் க்ட்கிவாத்?”, அதாவது எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தாலே திபிலிசி வார்டில் ஒரு கிழவி உன் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவாள். வகுப்பு முடிந்ததும் ஹாஸ்டலுக்கு ஓடாதே. கல்லூரியில் அனுமதி கேட்டு, மாலையில் வார்டுக்குப் போ. அங்கே இருக்கிற நர்ஸ்களிடம் பணிவாகக் கேள். கற்றுக்கொள்ள வருகிறவர்களை நாங்கள் எந்த ஊரிலும் விரட்டுவதில்லை.

நீ இருக்கும் நாடு லேசுப்பட்டதில்லை. 2015-ல் அங்கே வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. அந்த வருஷமே, நோயை நாட்டை விட்டே ஒழிக்கிறோம் என்று இலவச மருந்தோடு இறங்கினார்கள். உலகில் முதலில் இறங்கிய நாடு அதுதான். அந்த நோயாளிகளைப் பார்க்காமலா திரும்பி வருவாய்?

பயணம் போகாதே என்று நான் சொல்லவே இல்லை. விடுமுறையில் பதுமிக்கு ரயிலில் போய்க் கருங்கடலைப் பார், கஸ்பெகி மலைக்குப் போ. அதற்கெல்லாம் முன்னால் திபிலிசியிலேயே இருக்கும் எலியாவா நிறுவனத்தைப் போய்ப் பார். 1923-ல் பாக்டீரியா ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் வைரஸ்களை மருந்தாக்கிய இடம் அது. அதைத் தொடங்கிய விஞ்ஞானி எலியாவாவை ஸ்டாலின் ஆட்சி 1937-ல் கொன்றுவிட்டது. நிறுவனம் மட்டும் பிழைத்தது. ஃபேஜின் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சாகிறது என்று ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற விஞ்ஞானி 1896-லேயே எழுதினார். அதற்கு ஃபேஜ்தான் காரணமாக இருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காத புண்ணோடு படுத்திருந்தவர்களுக்கு நான் கட்டுக் கட்டியிருக்கிறேன். அதனால்தான் அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும் என்று எனக்கு இத்தனை ஆசை.

நோயாளிகளோடு பழகியவர் வெளிநாடு போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923-ல். இரண்டு வருஷம் கழித்து மேற்பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருப்பதைப் பார்த்தார். அவர் முயற்சியால் 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இங்கேயே 1912-ல் பட்டம் வாங்கி, இந்த ஊர் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர் அவர். அதனால் இங்கே என்ன இல்லை என்பது அங்கே அவர் கண்ணில் பட்டது.

நீ திரும்பி வந்ததும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு இருக்கிறது. முந்நூறுக்கு நூற்றைம்பது எடுக்க வேண்டும். 2024 ஜூனில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். அதற்கான படிப்பை இப்போதே ஆரம்பித்துவிடு.

ஏஜென்டுக்கு “வேண்டாம்” என்று இன்று இரவே எழுதிவிடு. எழுதியதும் எனக்கு ஒரு போன் போடு, எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை