கண் மஞ்சளாகும் முன்பே
ஆரம்ப வகுப்பு ஆசிரியருக்கான நோய்த்தடுப்புப் பயிற்சி

அறக்கொட்டி பிடித்த வயல் எரிந்தாற்போலத் தெரியும் நாளில், பூச்சி அடுத்த வரம்பையும் தாண்டியிருக்கும். கமக்காரர் எல்லோரும் அறிந்த பாடம் இது. பிள்ளைகளிடையே பரவும் செங்கண்மாரியும் இவ்வாறானதே.

செங்கண்மாரிக் கிருமி உடலுக்குள் சென்று 2 முதல் 6 அல்லது 7 கிழமைகளின் பின்னரே நோய் வெளியே தெரியும். ஆனால் கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு கிழமைகளுக்கு முன்பே பிள்ளையின் மலத்தோடு கிருமி வெளியேறத் தொடங்கிவிடுகிறது. சிறுபிள்ளைகள் பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஓடியாடி விளையாடியபடியே அவர்கள் நோயைப் பரப்புவார்கள். 2009இல் வவுனியா முகாம்களில் மக்கள் நெருக்கமாக அடைபட்டிருந்தபோது இந்நோய் பரவியதை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆகவே, நோயுற்ற பிள்ளையைக் கண்டு ஒதுக்கிவைப்பது மட்டும் தடுப்பு ஆகாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாட்களும் கை கழுவுவதே தடுப்பு. இப்பழக்கத்தை ஊட்டுவதற்கு ஏற்றவர் தரம் 1 முதல் 5 வரை கற்பிக்கும் ஆசிரியர். பிள்ளைகளை நாள்தோறும் காண்பவர் அவர். பல இடங்களில் அவரும் உங்களைப் போல் இடம்பெயர்ந்தவரே. நோய்களின் பெயர்ப்பட்டியலை அவர் கையிற் கொடுப்பது பயிற்சி ஆகாது. பின்வரும் மூன்றையும் அவர் செய்து பழகவேண்டும்.

1. நோய் வரும் வழியைக் காட்டுதல்

ஒரு பிள்ளையின் கையில் தேங்காயெண்ணெய் பூசி, மஞ்சள்தூளைத் தூவுங்கள். அப்பிள்ளை மற்றவர்களோடு கைகுலுக்கட்டும். கதவையும் பந்தையும் தொடட்டும். மஞ்சள் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று எல்லோரும் தேடட்டும். பின்பு ஒருவர் வெறும் நீரிலும், இன்னொருவர் சவர்க்காரத்தோடு 20 செக்கனும் கழுவட்டும். வெறும் நீர் போதாது என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பார்கள். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடவேளையில் இதைச் செய்யலாம்.

2. வரவுப் பதிவேட்டை வாசித்தல்

ஒரே கிழமையில் ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் மூன்று பிள்ளைகள் வயிற்றோட்டத்தால் வராவிட்டால், அது தற்செயலாக இராது. ஆசிரியர் அன்றே அதிபருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கவேண்டும். கிணற்றுக்குக் குளோரின் இடுவது ஒரு நாள் முந்தினாலும் அது பெரும் நன்மை.

3. உடன் செய்யவேண்டியது

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஒரு ஜீவனிப் பைக்கற்றை 1 லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். கரைத்ததை 24 மணித்தியாலங்களுக்குமேல் வைத்திருக்கலாகாது. கண் குழிவிழுந்தாலோ, குடிக்க முடியாமற் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். செங்கண்மாரி கண்ட பிள்ளையை, கண் மஞ்சளான நாளிலிருந்து ஒரு கிழமைக்காவது வீட்டில் வைத்திருக்கவேண்டும். திரும்பி வரும் பிள்ளையை எவரும் தள்ளிவைக்காதபடி பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் கடமையே. நோய்க்குப் பயந்து ஒதுக்கினால், அடுத்த வீட்டார் தம் பிள்ளையின் நோயை மறைப்பார்கள்.

பெற்றோரின் பங்கு

தண்ணீரில்லாத பள்ளிக்கூடத்தில் கைகழுவும் பாடம் வெறும் பாட்டாகவே முடியும். இங்குதான் உங்கள் உதவி தேவை. மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் கானின் அடியில் சிறு துளையிட்டு, குச்சியால் அடைத்து, மலசலகூடத்துக்கு அருகே மரத்தில் தொங்கவிடுங்கள். சவர்க்காரத்தை வலைப்பையில் இட்டுப் பக்கத்திற் கட்டுங்கள். குடும்பங்கள் முறைவைத்து நாள்தோறும் நீர் நிரப்பலாம். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரைப் போத்தலில் கொடுத்தனுப்புங்கள்.

பள்ளிக்கூடத்தில் கற்றதை வீட்டிலும் செய்தாலே பழக்கம் நிலைக்கும். சாப்பிடுமுன்னும் மலசலகூடம் சென்றபின்னும் பிள்ளை சவர்க்காரம் கேட்கும்போது, 'வீண்செலவு' என்று ஏசாதீர்கள். வயிற்றோட்டத்தோடு ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவில் எத்தனை கட்டிச் சவர்க்காரம் வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

கலந்துரையாடுவோம்

1. நம் பள்ளிக்கூடத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? அக்கிணற்றுக்குக் கட்டும் மூடியும் உண்டா?
2. கடந்த மாதம் நம் பிள்ளைகள் எத்தனை நாட்கள் நோயால் வகுப்பை இழந்தார்கள்?
3. நீர் நிரப்பும் முறையை எந்தக் குடும்பம் முதலில் தொடங்கும்?