பழைய வண்டிக்கு நம்பகமான மெக்கானிக்

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. மேடவாக்கம் பக்கம் குழுக் கடனில் பழைய ஆம்னி வாங்கிச் சரக்கு ஏற்றும் உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறோம். வண்டி நின்றாலும் தவணை நிற்காதே!

புது மெக்கானிக்கிடம் எடுத்தவுடன் இன்ஜின் வேலையைக் கொடுக்காதீர்கள். முதலில் ஆயில் மாற்றச் சொல்லுங்கள். டப்பா சீலை உங்கள் எதிரில் உடைக்கிறாரா, கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். மழுப்பினால் வேறு இடம் தேடுங்கள்.

"அக்கா, பிரேக் மொத்தமா போச்சு" என்றால் தேய்ந்த பிரேக் ஷூவைக் கேட்டு வாங்குங்கள். லைனிங் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே தெரியும். எந்தப் பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்கி, ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் விசாரித்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு 8 ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, பிரேக்கில் அரைகுறை வேலை அங்கே மாட்டிக்கொள்ளும். பில்லை மறக்காமல் வாங்கி, வண்டி நோட்டில் ஒட்டி வையுங்கள்.