விழும் காமிராவும் தேங்காய் நாரும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தோப்புகளில் முற்றிய தேங்காய் பல மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் பெரும்பாலும் உடைவதில்லை. ஆனால், இடுப்பளவு உயரத்திலிருந்து நழுவும் விலையுயர்ந்த காமிரா பழுதாகிவிடுகிறது. காரணம் யாது?

கேடு விளைவிப்பது வீழ்ச்சியன்று, திடீரென நிற்பதே. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் தரையை அடைகிறது. கருங்கல் தளத்தில் அது 1 மில்லிமீட்டர் தூரத்திற்குள் நின்றால், அதன் எடையைப்போல் சராசரியாக ஏறத்தாழ 1,000 மடங்கு விசை அதனைத் தாக்கும். 2 சென்டிமீட்டர் அமுங்கும் மெத்தையில் விழுந்தாலோ சுமார் 50 மடங்கே. தேங்காய்க்கு அதன் நார் செய்யும் உதவி இதுவேயாகும்.

ஆகவே, காமிராப் பையின் அடியிலும் பக்கங்களிலும் அமுங்கக்கூடிய நுரைப்பஞ்சு இருத்தல் வேண்டும். நாட்பட்டு இறுகிய பஞ்சினால் பயனில்லை. படம் எடுக்கும்போது பையின் காப்பு கிடையாது. அப்பொழுது கழுத்துவாரே காவல்.