ஞாயிறு வர முடியாத வாலிபருக்கே போன்

வாலிபர் ஊழியத்தில் போனையும் செயலிகளையும் பயன்படுத்தலாமா என்று கேட்டால், பேச்சு உடனே ஆலயத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் போய்விடுகிறது. பிரசங்க நேரத்தில் போனை நோண்டுகிறார்கள், வேதாகமத்தைத் திரையில் படிக்கிறார்கள் என்ற வருத்தம் அது. இந்த ஊழியத்தில் இருந்துகொண்டு நான் கற்றது, முதலில் யோசிக்க வேண்டியது வராதவர்களைப் பற்றி என்பதே. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, பாத்திரக்கடைகளில் நிற்கும் இளைஞர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஊரில் ஓய்வுநாள் பள்ளியிலும் பாடகர் குழுவிலும் வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் கடையில் கூட்டம் அலைமோதுவது ஞாயிற்றுக்கிழமைதான். அவர்களுடைய வாழ்க்கையை 2010இல் ‘அங்காடித் தெரு’ படம் நமக்குக் காட்டியது. நாள் முழுக்க நிற்கும் அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியதோ 2021இல்தான். தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்கப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். சாந்தோமிலோ கதீட்ரல் சாலையிலோ ஒலிக்கும் ஞாயிறு காலை மணி இவர்களுக்கு எட்டாது, போன் எட்டும். ஒரு செயலி இவர்களுக்கு உதவுகிறதா என்பதை வைத்தே அதை ஏற்பதும் தள்ளுவதும் இருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் பல முடிவுகள் தாமாகவே மாறும். கடை ஊழியரால் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. எனவே செய்தி போக வேண்டியது கடை அடைத்த பிறகு. அந்த நேரத்தில் கால் வலியோடு விடுதிக்குத் திரும்புகிறவர் நாற்பது நிமிடப் பிரசங்கக் காணொளியைத் திறக்கமாட்டார். ஒரு வேதப்பகுதி, அதைப் பற்றி இரண்டு நிமிடக் குரல் பதிவு, பதில் சொல்லத்தக்க ஒரே ஒரு கேள்வி ஆகியவை போதும். 2008இல் வந்த யூவெர்ஷன் வேதாகமச் செயலியில் தமிழ் வேதாகமமும் உண்டு, சிலர் சேர்ந்து ஒரே வாசிப்புத் திட்டத்தைப் பின்பற்றும் வசதியும் உண்டு. சபைக்கென்று பணம் செலவழித்துத் தனிச் செயலி செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கையில் ஏற்கெனவே இருப்பதே போதும். வாட்ஸ்அப் குழுவை மட்டும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அறிவிப்புக் குழுவில் பொறுப்பாளர் மட்டுமே எழுதட்டும். பேசுவதற்கு ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்கள் தனியாக இருக்கட்டும். இருநூறு பேர் உள்ள குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எவரும் மனம் திறக்கமாட்டார்.

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் மறுப்பை லேசாக ஒதுக்க முடியாது. திரை வந்தால் கூடி ஆராதிப்பது தேய்ந்துவிடும் என்கிறார்கள். தமிழ்த் திருச்சபை புதிய கருவிக்கு அஞ்சியதில்லை என்பது உண்மை: தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார், 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம் சென்னை வேப்பேரியில் மிஷனரி பப்ரிசியுஸின் பணிக்கு உதவியது. ஆனால் அச்சிட்ட வேதாகமம் கூடுகையின் இடத்தைப் பிடிக்கவில்லை, வீட்டில் படித்தவரும் சபைக்கு வந்தார். திரையில் வரும் ஆராதனை நேரலை அப்படியல்ல, கூடுகைக்கே மாற்றாக நிற்கக் கூடியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ஏப்ரல் 12இல் ஈஸ்டரையே வீட்டுக்குள் கொண்டாடியபோது அந்த மாற்று தேவைப்பட்டது. செப்டம்பரில் ஆலயங்கள் திறந்த பிறகும் அது பழக்கமாகத் தொடர்ந்ததில் எனக்கும் கவலை உண்டு. ஆகவே நேரலையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை வாலிபர் ஊழியத்தின் அறிக்கையில் சேர்க்கக் கூடாது. சிறு குழுவில் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் பதில் எழுதினார்கள், அவர்களில் யாரை நேரில் சந்தித்தோம் என்பதே கணக்கில் வர வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய அச்சம் பாதுகாப்பைப் பற்றியது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணின் நோயும், ஒரு பையனின் தேர்வுத் தோல்வியும், ஒரு வீட்டுச் சண்டையும் குழுவில் போய் விழுகின்றன. அங்கிருந்து அவை எங்கே பகிரப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயரோ விவரமோ போடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சபை இதைச் சட்டத்துக்காக மட்டும் செய்யக் கூடாது. பொறுப்பாளர் எவரும் சிறாரோடு தனிச் செய்தியில் பேசலாகாது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் குழுவில், பெற்றோருக்குத் தெரிந்தே பேச வேண்டும். “நம் சபைப் பிள்ளைகள்தானே, நம்பிக்கை இல்லையா?” என்று சிலர் மனம் நோகலாம். இந்த விதி நல்ல பொறுப்பாளரையும் வீண் பழியிலிருந்து காக்கிறது. பட்டினப்பாக்கம் போன்ற பகுதிகளில் ஒரே போனை வீடு முழுவதும் பயன்படுத்துவதும் உண்டு. அங்கே ஒரு பெண்ணுக்கு அனுப்பும் ஆறுதல் வார்த்தையை முதலில் அவள் அண்ணன் படிக்கக்கூடும். மன வேதனையைப் பற்றிய பேச்சு நேரில்தான் நடக்க வேண்டும்.

ஆராதனையில் போன் வேண்டுமா என்பதற்கு என் பதில் சுருக்கமானது: இருக்கைகளில் அச்சு வேதாகமம் இருந்தால் வேண்டாம், இல்லாவிட்டால் இணையத்தை அணைத்துவிட்டுப் படிக்கட்டும்.

போனால் கிடைக்கும் மிகப் பெரிய உதவி, வாலிபர்களின் வார விடுமுறை நாளைத் தெரிந்துகொள்வதுதான். குழுவில் ஒரு கேள்வி போட்டால் யாருக்குச் செவ்வாய், யாருக்கு வியாழன் என்று தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஓய்வுள்ளவர்கள் நான்கு பேர் இருந்தால், அன்று காலை அவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்குப் பக்கத்திலேயே கூடலாம். ஆயரும் வரலாம், பாட்டுக்குக் கிதார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.